சோகி வீட்டை வந்ததோ?

எங்கள் அரிவரி ரீச்சரிடம் ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக யாராலும் முடியாது. ஐந்து வயதுப் பிள்ளையானாலும் சரி, பள்ளிக்கூட மனேச்சரானாலும் சரி. ஒருமுறை மனேச்சர் வந்து, தெல்லிப்பழைக்கு வண்டியில் போனதையும் நடுவழியில் மாடு படுத்துக்கொண்டதையும் சொல்லிவிட்டு, கூரைக்குக் கிடுகு மாற்றும் பேச்சுக்குத் தாவினார். ரீச்சர் விடவில்லை. பிறகு எப்படி வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். பாவம், மனேச்சர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வாலை முறுக்கி, வண்டியோடு வீடு வந்து சேர்ந்த பிறகே கிடுகைப் பற்றிப் பேச முடிந்தது.

அரிவரி என்றால் பள்ளிக்கூடத்தில் முதல் முதல் சேரும் பிள்ளைகளின் வகுப்பு. மயிலிட்டிக்குக் கிழக்கே, கரையோரமாக இருந்த சைவப் பள்ளிக்கூடம் எங்களுடையது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. ஊரில் பெரும்பாலானவர்கள் கடலோடிகள். சோழகக் காற்றில் பாய் விரித்து ரங்கூனுக்குப் போவார்கள். வாடைக்காற்று எழும்பியதும் அரிசியும் தேக்கும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அந்தக் காற்றைப் பார்த்துத்தான் நாள் வைப்பார்கள். நாங்கள் கடலோடிகள் அல்ல. என் தகப்பனார், நாங்கள் ஐயா என்போம், கடலுக்குத் தள்ளியிருந்த ஊரிலிருந்து வந்து கரையில் பலசரக்குக் கடை போட்டவர். அதனால் எனக்கு அந்த ஊரில் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

அரிவரியில் இருக்க வாங்கோ எழுத மேசையோ கிடையாது. தரை முழுக்கக் கடல்மணல் பரப்பியிருக்கும். விரலால் அதில் எழுதுவோம். ரீச்சரிடம் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. அதற்குள்ளே, சோழி என்பார்களே, அந்தச் சோகி ஒன்று, கடலிலிருந்து எடுத்த முருகைக்கல் ஒன்று. கதை நேரம் வந்தால் அந்த இரண்டையும் எடுத்து வெளியே வைப்பார். மணலில் விரலால் சதுரமாக ஒரு வீடு கீறி, ஒரு பக்கத்தில் வாசலுக்கு இடம் விடுவார். சோகியை வீட்டுக்குள் வைப்பார். கல்லைத் தூரத்தில் வைப்பார். அதற்குப் பிறகு எல்லாம் பிள்ளையின் பொறுப்பு.

சோகி யாராகவும் இருக்கலாம். ராசகுமாரன், நரி, காகம், கச்சேரித் துரை, எதுவும் பரவாயில்லை. ஆனால் மூன்று கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டும். சோகி ஏன் வெளிக்கிட்டது? ஆர் மறிச்சது? எப்பிடி வீட்டை வந்தது? கல்லைச் சுற்றியோ தாண்டியோ ஏமாற்றியோ சோகியை நகர்த்திக்கொண்டு வந்து, வாசலால் உள்ளே வைக்கும்வரை கதை சொன்ன பிள்ளை எழும்பக் கூடாது. இது சட்டம். மணி அடித்தாலும் எழும்பக் கூடாது. பின்நேரம் அம்மாமார் படலையில் வந்து நின்று காத்திருந்திருக்கிறார்கள், உள்ளே ஒரு பிள்ளை தன் சோகியைப் பூதத்திடமிருந்து மீட்கத் தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்.

நான் சொன்ன முதல் கதையில் என் சோகி சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டது. கல்லின் பக்கமே போகவில்லை. எனக்கோ பெரிய பெருமை. ரீச்சர் என் தலையைத் தடவி, "உது கதையில்லை மோனை. உது கடைக்குப் போய் வந்தது" என்றார். கடைக்காரரின் மகளுக்கு இது நல்லாய் வேண்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் என் சோகியை ஒரு கடிநாய் மறித்தது. அன்றைக்குத்தான் நான் கதை சொல்லப் பழகினேன்.

தம்பிராசா என்றொரு பொடியன் எங்களோடு படித்தான். பல்லு விழுந்த வாயும் எந்நேரமும் அவிழ்கிற களிசானும். அவனுடைய சோகி ஒரு நாள் மீனாகிவிட்டது. மீன் இரை தேடி வெளிக்கிட்டது. வலை மறித்தது. அதற்கு மேலே சோகி நகரவில்லை. வலையில் பட்ட மீன் தப்பாது என்று கரையில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன. கடைசியில் சோகி வீட்டை வந்ததோ என்று ரீச்சர் கேட்டார். அவன் சோகியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்து, "ஓம் ரீச்சர், வந்தது. எங்கடை வீட்டை. சட்டியிலை" என்றான்.

ரீச்சர் சிரித்த சிரிப்பை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கண்ணால் தண்ணீர் வடிய, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இது சரியோ பிழையோ என்று நாங்கள் சண்டை பிடித்தபோது, எந்தக் கோலத்தில் வந்தாலும் வந்தது வந்ததுதான் என்று தீர்ப்புச் சொல்லி அவனை எழும்ப விட்டார். சைவப் பள்ளிக்கூடத்தில் மீன்சட்டிக் கதையா என்று பெரிய வாத்தியார் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் அரிவரிக் கொட்டிலின் வடக்குப் பக்கம் திறந்தே இருக்கும். அங்கே கடல் தெரியும். ரீச்சர் எப்போதும் கடலுக்கு முதுகு காட்டித்தான் இருப்பார். நாங்கள் அவரைப் பார்த்து இருப்பதால் கடலையும் பார்த்தபடி இருப்போம். ஏதாவது பாய் தெரிந்தால் எங்கள் கண் தானாக அங்கே ஓடும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் முகத்தைப் பார்த்து, "எத்தினை பாய்மரம்?" என்று கேட்பார். ஒன்று என்போம். சரி, படியுங்கோ என்பார். இரண்டு என்று சொன்ன நாட்களில் மட்டும் அவருடைய விரல் மணலில் அப்படியே நிற்கும். பிறகு யாராவது, அது மற்ற ஊர்க் கப்பல் என்று சொல்வார்கள். விரல் மறுபடியும் எழுதத் தொடங்கும்.

அவருடைய புருஷன் ஒரு தண்டையல். இரண்டு பாய்மரம் உள்ள ஒரு கப்பலுக்குத் தலைவராக இருந்து ரங்கூனுக்குக் கொண்டுபோனவர். ஒரு சோழகத்தில் போனவர் வாடை வந்தும் வரவில்லை. அடுத்த வாடைக்கும் வரவில்லை. புயலில் அகப்பட்டது என்று சிலர் சொன்னார்கள். அந்தமான் பக்கம் கண்டோம் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கரைக்கு வரவில்லை. அந்தக் கப்பலில் போன மற்றவர்களின் குடும்பங்கள், ஒன்றைத் தவிர, ஒவ்வொன்றாகக் காரியம் செய்து முடித்துவிட்டன. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தர்ப்பைப் புல்லால் ஆள் அளவில் ஓர் உருவம் செய்வார்கள். அதற்குப் போனவருடைய வேட்டியை உடுத்தி, வீட்டில் வளர்த்தி, அதாவது கிடத்தி, செத்தவீட்டுக்குரிய சடங்கெல்லாம் செய்து, மகன் கொள்ளி வைப்பான். அதன் பிறகுதான் பெண்சாதி பொட்டழிப்பாள்.

ரீச்சர் செய்யவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவர். புருஷனின் தம்பி வருடா வருடம் வந்து, அண்ணைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று கேட்டுப் பார்த்தார். அவரும் வெளிக்கிட்டார், இன்னும் வரவில்லை, இடையில் நான் என்னத்தைச் சொல்ல என்பதுதான் ஒவ்வொரு வருடமும் ரீச்சரின் மறுமொழி. காலையில் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவார். அந்தப் பொட்டைப் பற்றி ஊர் பேசாத பேச்சில்லை. ஆனால் விஜயதசமிக்குப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது அவருடைய கையால்தான். அரிசித் தட்டில் என் விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுதுவித்ததும் அந்தக் கைதான். அவருக்கு அந்த ஒரு நாளைப் போல வேறு நாள் இல்லை. முதல் நாளே வந்து தட்டுகளைத் தானே துடைத்து வைப்பார். யாருடைய பிள்ளையானாலும் மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு அந்த நாளில் மட்டும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அதே கப்பலில் போனவர்தான் தம்பிராசாவின் தகப்பன். போகும்போது தம்பிராசாவுக்கு நடை சரியாக வரவில்லை. தங்கச்சி தாயின் வயிற்றில் இருந்தாள். தாயின் பெயர் பாக்கியம். அவளும் காரியம் செய்யாமலே இருந்தாள். கடைக்கு வந்தபோது ஒரு நாள் என் அம்மாவிடம், ரீச்சரின் பொட்டு இருக்குமட்டும் தன்னுடைய பொட்டும் இருக்கும் என்று சொன்னாள். படித்த மனுஷிக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை அது. இரண்டு பொட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அந்த ஊரில் கொஞ்சக் காலம் இருந்தன.

பிறகு பாக்கியத்துக்கு ஒரு கனவு வந்தது. புருஷன் நனைந்த உடுப்போடு படலையில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். இவள் செம்போடு ஓடுகிறாள், அவருக்கு உள்ளே வர முடியவில்லை. மறுபடியும் மறுபடியும் அதே கனவு. ஆடி அமாவாசை வரப்போகிறது, ஊர் முழுவதும் கீரிமலைக்குப் போய்த் தகப்பன்மாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும், என் மனுஷன் மட்டும் விடாயோடு நிற்கிறார் என்று அழுதுவிட்டு, தன் தமையனைக் கூப்பிட்டுக் காரியத்துக்கு நாள் வைக்கச் சொன்னாள்.

காரியத்துக்கு வைத்த நாளில் தம்பிராசா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நாங்கள் எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவனுடைய மாமன் வந்து கொட்டில் வாசலில் நின்றார். வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. பொடியன் முழுகமாட்டேன், வேட்டி உடுக்கமாட்டேன், கொள்ளிக்குடம் தூக்கமாட்டேன் என்று முற்றத்து முருங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். அடித்தும் பார்த்தார்களாம். குருக்கள் காத்துக்கொண்டிருக்கிறாராம்.

"ஐயா இன்னும் வீட்டை வரேல்லை, கதை முடியேல்லை எண்டு நிக்கிறான், ரீச்சர். நீங்கள் படிப்பிச்ச படிப்புத்தான். நீங்கள்தான் வந்து சொல்லோணும்" என்றார் மாமன்.

ரீச்சர் ஓலைப்பெட்டியை இழுத்துத் திறந்தார். பிறகு சோகியை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தார். போகவேண்டாம் என்று யாரும் சொல்லாததால் நாங்களும் பின்னாலே போனோம்.

வீட்டு விறாந்தையில் அந்த உருவத்தை வளர்த்தியிருந்தார்கள். வேட்டி உடுத்தி, நெஞ்சில் சால்வை போட்டிருந்தது. முகம் இருக்கும் இடத்தில் ஒரு தேங்காய். ரீச்சர் உள்ளே வந்ததும் ஒப்பாரி நின்றுவிட்டது. பாக்கியம் ரீச்சரின் நெற்றியைப் பார்த்தாள். எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். ஒரே கப்பல். இந்த வீட்டுக்காரர் வரமாட்டார் என்று ரீச்சரின் வாயால் வந்தால், தன் வீட்டுக்காரரைப் பற்றியும் அவர் சொல்லிவிட்டதாகத்தான் அர்த்தம். இது ஏழு வயதுகூட ஆகாத எனக்கே விளங்கியது. வேண்டாம், திரும்பிப் போங்கோ ரீச்சர் என்று என் மனம் கெஞ்சியது.

அவர் முருங்கைக்குக் கிட்டப் போய் மணலில் குந்தினார். விரலால் வீடு கீறினார். வாசலுக்கு இடம் விட்டார். முடிச்சை அவிழ்த்துச் சோகியை எடுத்து வீட்டுக்குள் வைத்தார். தம்பிராசா மரத்தை விடாமலே தலையை மட்டும் திருப்பினான். கன்னத்தில் அடித்த தடம் இருந்தது.

"ஐயா ஏன் வெளிக்கிட்டவர்?"

"அரிசி கொண்டுவர." இது அவனுக்குத் தாய் சொல்லிக்கொடுத்தது.

"ஆர் மறிச்சது?"

ரீச்சர் சோகியைத் தூரத்துக்கு நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். கதை நேரத்தில் காத்திருக்கும் அதே காத்திருப்பு, அவசரமே இல்லாமல்.

"கடல்" என்றான் தம்பிராசா. அந்த வீட்டில் அந்த மறுமொழியை அதுவரை யாரும் சொன்னதில்லை.

"ஓம். கடல்தான் மறிச்சது. இப்ப விறாந்தையிலை வந்து படுத்திருக்கிறது ஆர்?"

அவன் உருவத்தைப் பார்த்தான். தகப்பனின் முகம் அவனுக்கு நினைவில்லை. வேட்டியைத் தெரியும், பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டியைத் தாய் எடுத்துக் காட்டியிருக்கிறாள். மரத்தைப் பிடித்த கை மெல்ல இளகியது.

"ஐயா."

"வந்திட்டார் எல்லோ. எந்தக் கோலத்திலை வந்தாலும் வந்தது வந்ததுதான் எண்டு சொன்னனான். களைச்சுப்போய் வந்திருக்கிறார், அப்பன். போய் முழுகிப்போட்டு வந்து அனுப்பி வை."

சோகியை அவர் நகர்த்தவில்லை. தம்பிராசாதான் மரத்தை விட்டுவிட்டு வந்து, குந்தியிருந்து, அதை வாசலால் வீட்டுக்குள் வைத்தான். வைத்துவிட்டு ரீச்சரை நிமிர்ந்து பார்த்து, பிள்ளைகள் மட்டும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டான்.

"உங்கடை வீட்டை எப்ப வருவார், ரீச்சர்?"

ரீச்சர் மணலைத் தட்டிவிட்டு எழுந்து, "எங்கடை வீட்டையும் வரத்தான் வேணும்" என்றார். பாக்கியம் ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அங்கிருந்து ஓடிப்போய்க் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்து அழுதேன்.

சில நாளில் ரீச்சரின் வீட்டிலும் தர்ப்பை உருவம் வந்து படுத்தது. கொள்ளி வைத்தது புருஷனின் தம்பி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது எங்களில் சிலருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. குரல் கேட்டபிறகுதான் தெரிந்தது. பழையபடி மணலில் வீடு கீறினார், கதை கேட்டார், எங்களை எழும்ப விடாமல் வைத்திருந்தார். பாய் தெரிந்தால் மட்டும் எத்தனை பாய்மரம் என்று கேட்கவில்லை. ஒரு நாள் யாரோ தானாகவே இரண்டு என்று சொன்னான். அவர் கேட்காதது போல எழுதிக்கொண்டிருந்தார்.

விஜயதசமி வந்தது. கும்பம் வைத்து, தட்டுகளில் பச்சையரிசி பரப்பி, சின்னப் பிள்ளைகளைப் பட்டுடுத்தித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தட்டுகளை வழக்கம்போல ரீச்சர்தான் துடைத்து வைத்தார். துடைத்துவிட்டு, ஒருவரும் சொல்லாமலே, கும்பத்துக்குத் தூரமாகப் போய்க் கொட்டிலைத் தாங்கிய கப்போடு ஒட்டி நின்றுகொண்டார். ஏடு தொடக்கியது பெரிய வாத்தியார். அந்த அம்மாமாரில் பாதிப்பேர் ரீச்சரின் மடியில் இருந்து எழுதப் பழகியவர்கள்தான். ஒருத்திகூட அவர் பக்கம் திரும்பவில்லை. என் அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு நேரே பெரிய வாத்தியாரிடம்தான் போனார். எனக்கு அம்மாவில் வந்த அந்தக் கோபம் இன்றைக்கும் முழுதாய் ஆறவில்லை.

பாக்கியம் மட்டும் வந்தாள். அவளும் வெள்ளைச் சேலைதான். தகப்பனைக் காணாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரீச்சரிடம் போய் நின்றாள். ரீச்சர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் பிள்ளை. பிள்ளையின்ரை வாழ்க்கை நல்லாயிருக்கோணும். அங்கை கொண்டு போ" என்றார். அவள் எவ்வளவோ கெஞ்சினாள். கைம்பெண்ணின் கை ஆகாது என்று ஊர் நினைத்ததை ரீச்சரும் நம்பினாரா, அல்லது ஊருக்காகச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பெரிய வாத்தியாரிடம் கொண்டுபோனாள்.

எல்லாம் முடிந்து அவல் கடலை கொடுக்கும்போது தம்பிராசாவைக் காணவில்லை. பார்த்தால் அரிவரி மணலில் தனியே இருக்கிறான். முன்னால் வீடு கீறியிருக்கிறது. சோகி வீட்டுக்கு வெளியே, கல்லுக்குக் கிட்ட. தாய் கூப்பிட்டாள், மாமன் அதட்டினார், அவன் எழும்பவில்லை. கடைசியில் ரீச்சர் வந்து குந்தி, சோகி ஆர் என்று கேட்டார்.

"நீங்கள்" என்றான்.

ஏன் வெளிக்கிட்டது என்று அவர் கேட்டார். "எங்கடை வீட்டை வந்து ஐயாவைக் காட்ட." ஆர் மறிச்சது என்று கேட்டார். அவன் கும்பத்தடியில் நின்ற எல்லோரையும் ஒரு முறை பார்த்தான். மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. அவன்தான் கேட்டான், சோகி எப்பிடி வீட்டை வரும், ரீச்சர் என்று. கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். கதை முடியாமல் எழும்பக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

ரீச்சர் ஒரு விரலால் சோகியைத் தள்ளித் தள்ளிக் கல்லைச் சுற்றிக் கொண்டுவந்து, வாசலால் உள்ளே வைத்தார்.

"வந்திட்டன், அப்பன். எழும்பு."

அவன் எழும்பிப் போய் அவல் வாங்கினான். ரீச்சர் எழும்ப வெகு நேரம் ஆனது.